அடாவின் சம்பளம், நஸ்னீனின் கூலி

லண்டனுக்கு வந்து இறங்கிய சில நாட்களிலேயே அடாவிடம் அவள் கணவன் ஒரு வேலையைப் பற்றிப் பேசுகிறான். சட்டை தைக்கும் தொழிற்சாலை வேலை. அதே வீட்டில் குடியிருக்கும் மற்ற நைஜீரியப் பெண்கள் அதைத்தான் செய்கிறார்கள், நீயும் போ என்கிறான். லாகோஸில் அமெரிக்கத் துணைத் தூதரக நூலகத்தில் வேலை பார்த்தவள் அடா. அந்தச் சம்பளத்தில்தான் கணவன் ஃபிரான்சிஸையே லண்டனுக்குப் படிக்க அனுப்பியிருந்தாள். தொழிற்சாலைக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டு, வடக்கு ஃபின்ச்லி நூலகத்துக்கு விண்ணப்பம் போட்டு அங்கே வேலையில் சேர்கிறாள்.

கிழக்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் அடுக்ககத்தில் இருக்கும் நஸ்னீனுக்கு மறுக்க எதுவும் இல்லை, ஏற்கவும் எதுவும் இல்லை. மைமன்சிங் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 18 வயதில், 40 வயதுக்காரர் ஒருவருக்கு மணமுடித்து அனுப்பப்பட்டவள். வந்தபோது அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் மன்னிப்புக் கேட்கவும் நன்றி சொல்லவுமான இரண்டு சொற்கள்தான். பல ஆண்டுகள் கழித்து ஒரு தையல் இயந்திரம் அவள் வீட்டுக்குள் வருகிறது. ஜீன்ஸ் கால்சட்டைகளுக்கு ஜிப் வைத்துத் தைக்கிறாள். துணி மூட்டை வீட்டுக்கே வரும், தைத்த உருப்படியை எண்ணிக் கூலி தருவார்கள். வீட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை என்பதால்தான் அந்த வேலைக்கு அனுமதி கிடைத்தது.

முதலாமவள் புச்சி எமெச்செட்டா 1974-இல் எழுதிய ‘செகண்ட் கிளாஸ் சிட்டிசன்’ நாவலின் நாயகி. இரண்டாமவள் மோனிகா அலி 2003-இல் எழுதிய ‘பிரிக் லேன்’ நாவலின் நாயகி. இரண்டு நூல்களுக்கும் இடையே 29 ஆண்டுகள். ஒன்று 1960களின் லண்டன், மற்றது 1985 முதல் 2002 வரையிலான லண்டன். ஒருத்தி நைஜீரியாவின் இக்போ இனத்தவள், கிறித்தவள், ஆங்கிலவழிப் பள்ளியில் படித்தவள். மற்றவள் வங்காளி, முஸ்லிம், கிராமத்துப் பெண். இருவரையும் அருகருகே வைத்துப் படித்தால், புலம்பெயர் இலக்கியம் என்றதும் நம் விமர்சகர்கள் கையிலெடுக்கும் ‘இரு பண்பாடுகளுக்கு இடையே சிக்கிய பெண்’ என்ற சட்டகம் இரண்டுக்குமே பொருந்தவில்லை என்பது தெரிகிறது. இந்தப் பெண்களை நெருக்குவது பண்பாட்டைவிட வீட்டுக்குள் நடக்கும் வரவுசெலவு. சம்பாதிப்பது யார், அந்தப் பணம் யார் கையில் இருக்கிறது, படிவத்தில் கையெழுத்துப் போடும் உரிமை யாருக்கு, பிள்ளை நோயில் விழுந்தால் ஓடுவது யார் என்ற கேள்விகள்தான் இரண்டு கதைகளையும் நடத்திச் செல்கின்றன.

இருவரின் கதையும் பிறப்பிலேயே தொடங்குகிறது. ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருந்த வீட்டில் பெண்ணாகப் பிறந்ததால் அடாவின் பிறந்த நாளை யாரும் குறித்து வைக்கவில்லை. தம்பியைத்தான் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். ஒருநாள் அம்மா கவனிக்காத நேரத்தில் அடா தானாகவே பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய் வகுப்பில் உட்கார்ந்துவிடுகிறாள். பிள்ளையைக் கவனிக்காமல் விட்டதற்காக அம்மாவைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்று, தண்ணீரில் கரைத்த மரவள்ளி மாவைப் பெரிய கிண்ணம் நிறையக் குடிக்க வைத்துத் தண்டிக்கிறார்கள். பெண் படிக்க ஆசைப்பட்டாள், அதற்கான தண்டனை இன்னொரு பெண்ணின் தொண்டையில் இறங்கியது. எமெச்செட்டா இந்தக் காட்சியை விளக்கவுரை சேர்க்காமல் சொல்லிவிட்டுப் போகிறார். நாவல் முழுக்க அவர் கையாளும் முறை இதுதான். பின்னால் மெத்தடிஸ்ட் பெண்கள் பள்ளியின் நுழைவுத் தேர்வுக் கட்டணத்துக்காக, இறைச்சி வாங்கக் கொடுத்த இரண்டு ஷில்லிங்கை அடா மறைத்து வைத்துக்கொள்கிறாள். அதற்காகப் பிரம்படி வாங்குகிறாள். தேர்வெழுதி உதவித்தொகையோடு இடமும் வாங்குகிறாள்.

நஸ்னீன் பிறந்தபோது இறந்தே பிறந்ததாக நினைத்தார்கள். உயிர் இருப்பது தெரிந்த பிறகும் அம்மா ரூப்பன் அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லை, விதி முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார். குழந்தை பிழைத்துக்கொண்டது. அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டே நஸ்னீன் வளர்கிறாள். மாற்ற முடியாததைப் பொறுத்துக்கொள்வதுதான் பெண்ணின் அறிவு என்பது அவளுக்குச் சோற்றோடு ஊட்டப்பட்ட பாடம். அடா பிறப்பிலிருந்தே பிடுங்கிக்கொள்கிறவள் என்றால் நஸ்னீன் காத்திருக்கப் பழக்கப்பட்டவள். லண்டனுக்கு வந்ததும் இந்த நிலை தலைகீழாகிறது. பிடுங்கிக்கொள்ளத் தெரிந்தவளிடமிருந்து ஒவ்வொன்றாகப் பறிபோகிறது. காத்திருக்கப் பழகியவள் ஒவ்வொன்றாகக் கைப்பற்றுகிறாள்.

ஏன் அப்படி? லாகோஸில் அடாவின் சம்பளத்துக்கு மரியாதை இருந்தது. மாமனார் மாமியாருக்கும் கணவனின் உடன்பிறந்தார்களுக்கும் அந்தப் பணம் வேண்டியிருந்தது. அதனாலேயே அவள் லண்டன் போவதை மாமனார் முதலில் விரும்பவில்லை. கணவன் போய்ப் படிக்கட்டும், மருமகள் இங்கிருந்து பணம் அனுப்பட்டும் என்பது அவருடைய முடிவு. கூட்டுக் குடும்பம் அவளைச் சுரண்டியது உண்மை. ஆனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது, சமைக்க ஆள் இருந்தது. லண்டனில் அதே சம்பளத்தைச் சம்பாதிக்க அவள் வெளியே போனால், இரண்டு கைக்குழந்தைகளை யாரிடம் விடுவது? மற்ற நைஜீரியர்கள் பிள்ளைகளை நகரத்துக்கு வெளியே வெள்ளைக்கார வளர்ப்புத் தாய்களிடம் விட்டுவிட்டுப் படிக்கவும் வேலைக்குப் போகவும் செய்தார்கள். அடா அதையும் மறுக்கிறாள். வெள்ளைக்காரர்கள் பார்க்கும் வேலையும் வேண்டும், பிள்ளைகளும் உடன் இருக்க வேண்டும் என்று இவள் கேட்பது அக்கம்பக்கத்து நைஜீரியர்களுக்கே பிடிக்கவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள்.

வீடு தேடும் பகுதி நாவலின் கூர்மையான பக்கங்களில் ஒன்று. கறுப்பர்களுக்கு இடமில்லை என்ற அறிவிப்பைச் சன்னலில் ஒட்டி வைப்பதற்கு அப்போது சட்டத் தடை இல்லை. 1965-ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் பொது இடங்களோடு நின்றுவிட்டது, வாடகை வீடுகளுக்கும் வேலைக்கும் அது நீண்டது 1968-இல்தான். தொலைபேசியில் தன் குரல் ஆப்பிரிக்கக் குரலாகத் தெரியாதிருக்க அடா மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறாள். வீட்டுக்காரி வரச் சொல்கிறாள். நேரில் பார்த்ததும், அறை இப்போதுதான் போய்விட்டது என்கிறாள். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி காலனிகளின் மக்களும் பிரிட்டனின் குடிகள் என்றே அறிவிக்கப்பட்டிருந்தார்கள். விடுதலை அடைந்து காமன்வெல்த்தில் தொடர்ந்த நாடுகளின் மக்களுக்கும் வந்து குடியேறும் உரிமை இருந்தது. 1962-இல் வந்த காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் அந்தக் கதவைப் பாதி சாத்தியது. எமெச்செட்டா லண்டன் வந்ததும் அதே 1962-இல்தான். நூலின் தலைப்பு இந்தச் சட்ட வரலாற்றைக் குறிப்பதாகவே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் லண்டனில் நாம் எல்லோரும் இரண்டாந்தரக் குடிகள் என்று அடாவிடம் முதலில் சொல்வது ஃபிரான்சிஸ். வெள்ளைக்காரர்கள் தன்மேல் சுமத்திய தரத்தை அவன் மனமுவந்து ஏற்றுக்கொண்டுவிட்டான், மனைவியும் ஏற்க வேண்டும் என்கிறான். தனக்குக் கீழே ஒருத்தி இருந்தால்தான் அவனுக்கு அந்தத் தரத்தைத் தாங்க முடியும். இனவெறியும் ஆணாதிக்கமும் ஒரே அறைக்குள் ஒன்றுக்கொன்று தீனி போடுவதை இவ்வளவு தெளிவாக, கோட்பாட்டுச் சொல் ஒன்றுகூட இல்லாமல் காட்டிய நாவல்கள் அந்தக் காலத்தில் மிகக் குறைவு.

நஸ்னீனின் லண்டன் வேறு. பிரிக் லேன் பகுதியில் அவள் கண்ணில் படும் முகங்கள் பெரும்பாலும் வங்காளி முகங்கள். கப்பல் வேலைக்கு வந்த சில்ஹெட் மாவட்டத்து ஆண்கள் பல தலைமுறைகளாக அங்கே தங்கியிருந்தார்கள். அவர்களுடைய மனைவி மக்கள் பெருமளவில் வந்து சேர்ந்தது 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும். 1743-இல் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்ட் அகதிகள் கட்டிய தேவாலயம் பின்னர் மெத்தடிஸ்ட் ஆலயமாகி, 1898-இல் யூதர்களின் தொழுகைக்கூடமாகி, 1976-இல் பள்ளிவாசலானது அந்தத் தெருவில்தான். 1978 மே மாதம் அல்தாப் அலி என்ற இளம் தையல் தொழிலாளி இனவெறியர்களால் கொல்லப்பட்டதும் அதன் அருகில்தான். நாவல் இந்த வரலாற்றை நேராகச் சொல்வதில்லை. ஆனால் ஆண்கள் ஏன் பெண்களை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க விரும்பினார்கள் என்பதற்கு மதத்தையும் வழக்கத்தையும் மட்டும் காரணம் சொல்ல முடியாது. தெருவில் உண்மையாகவே பயம் இருந்தது.

இந்த இடத்தில் மூன்றாவது நூல் ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மோனிகா அலி தன் நாவலுக்காகக் கடன்பட்டிருப்பதாக நன்றி சொல்லியிருக்கும் ஆய்வு அது. பொருளியல் அறிஞர் நைலா கபீர் 2000-இல் வெளியிட்ட ‘தி பவர் டு சூஸ்’. டாக்காவிலும் லண்டனிலும் ஆடைத் தொழிலில் இருந்த வங்காளப் பெண்களை ஒப்பிட்ட அந்த ஆய்வு ஒரு முரணிலிருந்து புறப்படுகிறது. பர்தா வழக்கம் வலுவாக இருந்த வங்கதேசத்தில் 1980களில் பெண்கள் ஆயிரக்கணக்கில் வீட்டை விட்டு வெளியேறித் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். பெண்கள் வெளியே வேலை செய்வது பல காலமாகச் சாதாரணமாக இருந்த லண்டனிலோ, அதே வங்காளப் பெண்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து தைத்தார்கள். டாக்காவுக்கு வந்தவர்கள் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்து நகரத்தில் தெரியாத முகங்களானவர்கள். லண்டனுக்கு வந்தவர்களோ ஒரே மாவட்டத்திலிருந்து, உறவும் ஊரும் சேர்ந்து வந்தவர்கள். ஊர்க் கண் கூடவே வந்துவிட்டது. வெளியே இனவெறி, உள்ளே ஊர்க் கண், இரண்டுக்கும் நடுவே தையல் இயந்திரம்.

டாக்காவுக்குப் போன அந்தப் பெண்ணையும் மோனிகா அலி நாவலில் வைத்திருக்கிறார். நஸ்னீனின் தங்கை ஹசீனா 16 வயதில் காதலித்து ஓடிப்போகிறாள், அடிக்கும் கணவனை விட்டு டாக்காவுக்குப் போகிறாள், ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள், அவதூறு சுமத்தப்பட்டு வேலையை இழக்கிறாள், வன்முறைக்கு ஆளாகிறாள், கடைசியில் பணக்கார வீடொன்றில் பணிப்பெண்ணாகிறாள். கடல் தாண்டாதவளும் புலம்பெயர்ந்தவள்தான் என்று நாவல் சொல்வது சரியே. ஆனால் இங்கேதான் எனக்கு மோனிகா அலிமேல் பெரிய மனக்குறை. ஹசீனாவின் கடிதங்கள் தாய்மொழியில் அக்காவுக்கு எழுதப்படுபவை. அவற்றை ஆசிரியர் இலக்கணம் உடைந்த ஆங்கிலத்தில் தருகிறார். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத கிராமத்துப் பெண்ணின் கடிதத்தில் எழுத்துப் பிழை இருக்கலாம், வாக்கியம் நொண்டாது. சொந்த மொழியில் அக்காவிடம் பேசும்போது அவளைவிடச் சரளமாகப் பேச யாரால் முடியும்? நஸ்னீனின் எண்ண ஓட்டம் முழுவதும் நேர்த்தியான நடையில் வரும்போது தங்கையின் குரல் மட்டும் திக்கித் திணறுவது, லண்டனில் இருப்பவளுக்கு மட்டும் மனம் உண்டு என்பதுபோல் ஆகிவிடுகிறது. ஆசிரியர் அப்படி நினைக்கவில்லை என்பது தெரியும், இருந்தும் பக்கங்களில் அதுதான் நிற்கிறது.

அந்தக் கடிதங்கள் இன்னொரு வேலையையும் செய்கின்றன. 1988-க்கும் 2001-க்கும் இடைப்பட்ட ஆண்டுகள் முழுவதும் ஹசீனாவின் கடிதங்களாகவே கடந்துபோகின்றன. நஸ்னீன் இரண்டு பெண்களைப் பெற்று, பாலூட்டி, பள்ளிக்கு அனுப்பிய காலம் அது. அந்தப் பதின்மூன்று வருடம் நாவலில் நேராக இல்லை. திரும்ப அவளைச் சந்திக்கும்போது மூத்தவள் ஷஹானா அப்பாவை எதிர்த்துப் பேசும் வயதில் இருக்கிறாள். எமெச்செட்டா இப்படி ஒரு பிரசவத்தைக்கூடத் தாண்டிப் போவதில்லை. அடாவுக்கு நான்கு பிள்ளைகள், கதை முடியும்போது ஐந்தாவது வயிற்றில். ஒவ்வொரு கர்ப்பமும் இழந்த சம்பளமாக, கடனாக, மருத்துவரின் பார்வையாக, வீட்டுக்காரரின் முணுமுணுப்பாகக் கணக்கில் ஏறுகிறது. மூன்றாவது பிள்ளையை அறுவை செய்து எடுத்த மருத்துவமனை வார்டில், மற்ற பெண்கள் சொந்த இரவுடையில் இருக்க, கணவன் வாங்கிவராததால் அடா மருத்துவமனை உடையில் கிடக்கிறாள். அந்த வெட்கத்தைப் பல பக்கங்களுக்கு எழுதுகிறார் எமெச்செட்டா. அரசியல் நாவல் என்று எடுத்துக்கொண்டு படிப்பவர்கள் இந்தப் பக்கங்களை அவசரமாகப் புரட்டிவிடுகிறார்கள். நாவலின் அரசியல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

பிள்ளையின் நோய் இரண்டு நாவல்களிலும் வருகிறது. இந்த ஒற்றுமைதான் இரண்டையும் சேர்த்துப் படிக்க என்னைத் தூண்டியது. அடாவின் மகன் விக்கிக்கு மூளைக்காய்ச்சல். காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன ட்ரூடி என்ற வெள்ளைக்காரி, பிள்ளைகளைக் குப்பையும் கழிவறையும் பக்கத்திலிருக்கும் கொல்லையில் விட்டுவைத்திருந்தாள். வெள்ளைக்காரர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று லாகோஸின் மிஷன் பள்ளியிலிருந்து கொண்டுவந்த நம்பிக்கை அன்றைக்கு அடாவிடம் செத்துப்போகிறது. ராயல் ஃப்ரீ மருத்துவமனை விக்கியைக் காப்பாற்றுகிறது. அந்த நாட்களில் அடா கணவனைப் பார்க்கும் விதமும் மாறுகிறது. பகலெல்லாம் வீட்டில் படிப்பதாக உட்கார்ந்திருந்தவன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் இது நடந்திருக்குமா என்று கேட்க ஆரம்பிக்கிறாள்.

நஸ்னீனின் முதல் பிள்ளை ரகீப் மருத்துவமனையில் கிடக்கிறான், சில நாள் தேறுகிறான், இறந்துபோகிறான். தன்னை விதியிடம் விட்ட அம்மாவைப்போல் இவள் மகனை விடவில்லை. இங்கே ஒரு விசித்திரம் நடக்கிறது. அதுவரை நஸ்னீனுக்கும் நமக்கும் வெற்றுப் பேச்சுக்காரராகத் தெரிந்த அவள் கணவர் சானு, மருத்துவமனைக்குச் சோறு சமைத்து எடுத்துவருகிறார், பிள்ளையின் படுக்கையோரம் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய அன்பு அப்போதுதான் அவள் கண்ணில் படுகிறது. பிள்ளையின் நோய் அடாவுக்குக் கணவனைத் தூரமாக்கியது, நஸ்னீனுக்குக் கணவனை முதன்முறையாகப் பக்கத்தில் கொண்டுவந்தது. இரண்டு ஆசிரியர்களும் ஆண்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது இந்த ஓரிடத்திலேயே பிரிந்துவிடுகிறது.

சானு மோனிகா அலியின் மிகச் சிறந்த படைப்பு. பட்டங்களையும் சான்றிதழ்களையும் சட்டமிட்டு மாட்டி வைத்திருப்பவர். உள்ளாட்சி அலுவலகத்தில் பதவி உயர்வு வரும் வரும் என்று காத்திருந்து, கடைசியில் வேலையை விட்டு டாக்ஸி ஓட்டுபவர். இங்கிலாந்து தன் படிப்பை மதிக்கவில்லை என்ற புண்ணோடு, டாக்காவில் வீடு கட்டித் திரும்பிப் போகும் கனவில் வாழ்பவர். மகளை அடிக்கக் கை ஓங்குவார். அவருடைய காலில் தடித்த தோலை மனைவி வெட்டிக்கொண்டிருக்க, இலக்கியம் பேசுவார். அவர்மேல் நமக்குக் கோபம் வரும், அடுத்த பக்கத்திலேயே இரக்கமும் வரும். ஃபிரான்சிஸுக்கு எமெச்செட்டா அந்த இடத்தைத் தரவில்லை. தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்பவன், மனைவி சம்பளத்தில் சாப்பிடுபவன், அடிப்பவன், மற்ற பெண்களைத் தேடிப் போகிறவன். சில விமர்சகர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். எமெச்செட்டா எழுதியது பெரும்பாலும் தன் கதை. 1944-இல் லாகோஸில் பிறந்து, 16 வயதில் மணமாகி, 22 வயதில் ஐந்து பிள்ளைகளோடு கணவரை விட்டு வெளியேறி, பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, லண்டன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, விடியற்காலையில் எழுதியவர். அடி வாங்கியவரிடம் அடித்தவனின் மனக்காயத்தையும் எழுது என்று கேட்க நமக்கு என்ன உரிமை? ஒரு நாவலாக ‘பிரிக் லேன்’ அதிகச் செழிப்பானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தச் செழிப்பு மோனிகா அலிக்கு இருந்த தூரத்தால் வந்தது என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும். 1967-இல் டாக்காவில் பிறந்து, மூன்று வயதில் இங்கிலாந்து வந்து, போல்டனில் வளர்ந்தவர் அவர். தந்தை வங்காளி, தாய் ஆங்கிலேயர். நஸ்னீனின் வாழ்க்கை அவர் வாழ்ந்தது அல்ல.

அந்தத் தூரத்துக்காகவே அவர் தாக்கப்பட்டார். நாவல் வந்தவுடன் சில்ஹெட் மக்களின் அமைப்பொன்று, தங்களைப் படிப்பறிவில்லாதவர்களாகக் காட்டுவதாக நீண்ட கண்டனக் கடிதம் எழுதியது. 2006-இல் நாவலைத் தழுவிய திரைப்படத்தின் படப்பிடிப்பு நடக்கவிருந்தபோது பிரிக் லேனில் ஊர்வலம் நடந்தது, படக்குழு இடத்தை மாற்றிக்கொண்டது. சில்ஹெட்காரர்களை ஏளனம் செய்வது சானு, ஆசிரியர் அல்ல. வெள்ளைக்காரர்களிடம் மரியாதை கிடைக்காத படித்த மனிதர் தன் சொந்த மக்களின்மேல் அதைக் காட்டுகிறார் என்பதே அந்தப் பாத்திரத்தின் உயிர். ஆனாலும் அந்த ஊர்வலத்தை வெறும் சகிப்பின்மை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆங்கில உலகம் தங்களைப் பற்றி அதிகம் படிக்கப்போவது இந்த ஒரு புத்தகத்தைத்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரே ஒரு கதை கிடைக்கும் மக்களுக்கு அந்தக் கதையில் வரும் ஒவ்வொரு வசவும் வலிக்கும்.

இரண்டு நாவல்களிலும் காகிதங்கள் நிறைய வருகின்றன. சானுவின் சான்றிதழ்கள் சுவரில். அடாவுக்குக் கருத்தடைச் சாதனம் வேண்டும், மருத்துவமனைப் படிவத்தில் கணவன் கையெழுத்துக் கேட்கிறார்கள். அவளே அவன் பெயரை எழுதிவிடுகிறாள். தெரிந்ததும் ஃபிரான்சிஸ் வீடே அதிர அடிக்கிறான், ஊருக்கும் எழுதிப் போடுகிறான். பிறகு அவள் பள்ளி நோட்டுகளில் ஒரு நாவல் எழுதுகிறாள், ‘தி பிரைட் பிரைஸ்’. பின்னர் அவள் வேலை பார்த்த சாக் ஃபார்ம் நூலகத்து நண்பர்கள் படித்துவிட்டு அச்சுக்குத் தரலாம் என்கிறார்கள். கணவன் படிக்கட்டும் என்று அவள் ஆசைப்படுகிறாள். ஒரு சனிக்கிழமை அவள் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவன் அதை எரித்துவிடுகிறான். அவளை வெளியேற வைத்தது அதுவரை வாங்கிய அடிகள் அல்ல, இந்தத் தீ. தான் பெற்ற ஒன்றைக் கொல்லத் துணிந்தவனோடு இனி இருக்க முடியாது என்று அவள் முடிவெடுக்கும் இடம் அது. கடைசியில் நீதிமன்றத்தில், தங்களுக்குத் திருமணமே நடக்கவில்லை என்று சொல்லும் ஃபிரான்சிஸ், திருமணச் சான்றிதழையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும்கூட எரித்துவிட்டிருக்கிறான். பிள்ளைகளைத் தத்துக் கொடுத்துவிடலாம் என்கிறான். பிள்ளைகள் என்னுடையவர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள் அடா. எரிந்த நாவலை எமெச்செட்டா மறுபடி எழுதினார். அது 1976-இல் வெளிவந்தது.

நஸ்னீன் எதையும் எழுதுவதில்லை, எண்ணுகிறாள். தைத்த உருப்படிகளை எண்ணுகிறாள், கூலியை எண்ணுகிறாள், அதில் ஒரு பகுதியைத் தங்கைக்கு அனுப்ப ஒதுக்குகிறாள். துணி மூட்டை கொண்டுவரும் இளைஞன் கரீமோடு அவளுக்கு உண்டாகும் உறவைப் பற்றித்தான் பலரும் பேசினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது மிசஸ் இஸ்லாம் வரும் காட்சி. ஊருக்கெல்லாம் பெரிய மனுஷியாக வலம் வரும் அந்தக் கிழவி, சானுவுக்குக் கொடுத்த கடனுக்கு முடிவில்லாமல் பணம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒருநாள் நஸ்னீன், இது வட்டி இல்லை என்று குர்ஆன்மேல் சத்தியம் செய்யுங்கள் என்கிறாள். கிழவியால் முடியவில்லை. நஸ்னீனுக்கு அந்தத் துணிவு லண்டன் பள்ளிக்கூடத்திலிருந்தோ கரீமின் அரசியல் கூட்டங்களிலிருந்தோ வரவில்லை. எவ்வளவு தைத்தோம், எவ்வளவு கொடுத்தோம் என்று அவளுக்குத் தெரியும். அவள் கையில் எடுப்பதும் தன் சொந்த மதத்தின் சட்டத்தைத்தான். மேற்கத்திய விடுதலைக் கதை என்று இந்த நாவலைப் பாராட்டியவர்களும் திட்டியவர்களும் இந்தப் பக்கத்தைச் சரியாகப் படிக்கவில்லை.

முடிவுகளில் இரண்டு நூல்களும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வருகின்றன. சானு டாக்காவுக்குத் தனியாகப் போகிறார். நஸ்னீன் போக மறுக்கிறாள், கரீமை மணக்கவும் மறுக்கிறாள். தோழி ரஸியாவோடும் வேறு பெண்களோடும் சேர்ந்து சொந்தமாகத் தையல் தொழில் தொடங்குகிறாள். சேலை கட்டிக்கொண்டு பனிச்சறுக்கு அரங்கத்துக்குள் இறங்குவதோடு கதை முடிகிறது. தொலைக்காட்சியில் அவள் முதல் நாட்களில் வியந்து பார்த்த காட்சி அது என்பதால் வாசகருக்கு மகிழ்ச்சி தருகிறது, எனக்கு அது கொஞ்சம் சுலபமாகப்படுகிறது. 2001 செப்டம்பருக்குப் பிறகு அந்தத் தெருவில் முக்காடு போட்ட பெண்கள் பட்ட பாட்டை எழுதிய ஆசிரியர், கடைசிப் பக்கத்தில் அதை மறந்துவிட்டதுபோல் இருக்கிறது. எமெச்செட்டாவின் முடிவில் அடா நீதிமன்றத்திலிருந்து வெளியே வந்து, கேம்டன் டவுனில் ஊர்க்கால நண்பன் ஒருவனை எதிர்பாராமல் சந்திக்கிறாள். அவள் இன்னும் ஃபிரான்சிஸோடுதான் இருக்கிறாள் என்று நினைத்து அவன் டாக்ஸிக்குக் காசு கொடுத்து அனுப்புகிறான். திறமைக் குறைவால் அறுந்துபோன முடிவு என்று இதைச் சொன்னவர்கள் உண்டு. கணவனைத் துறந்த நாளிலும் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் சிறு உதவி, அவள் இன்னொருவனின் மனைவி என்ற நினைப்பில்தான் கிடைக்கிறது என்பதை இதைவிடக் குறைந்த சொற்களில் எப்படிச் சொல்ல முடியும்?

அடா அந்த டாக்ஸியில் ஏறிய பிறகு எங்கே போனாள் என்பதை எமெச்செட்டா இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டிருந்தார். 1972-இல் வந்த ‘இன் தி டிச்’ அவருடைய முதல் நூல், ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ இதழில் வந்த பத்திகளிலிருந்து உருவானது. ஐந்து பிள்ளைகளோடு தனித்து நிற்கும் அடா அதில் உள்ளாட்சிக் குடியிருப்பின் ஈரச் சுவர்களுக்குள் இருக்கிறாள். உதவித்தொகை வரிசையில் நிற்கிறாள். கணவன் இல்லாத வெள்ளைக்காரப் பெண்களோடு சேர்ந்து அதிகாரிகளிடம் சண்டை போடுகிறாள். நஸ்னீனுக்கு அப்படியொரு அடுத்த நூல் இல்லை. ‘பிரிக் லேன்’ படித்து முடித்தவர்கள் அதற்குப் பதிலாக ‘இன் தி டிச்’ படிக்கலாம். வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் ரஸியாவின் புதுத் தொழிலில் கட்டுப்படியானதா என்ற கேள்விக்கு, வேறொரு பெண்ணின் கணக்குப் புத்தகத்தில் பாதி பதில் இருக்கிறது.